கோச்சிங்கா, கவுண்டரா: ஃபார்மசி இன்டர்வியூவுக்கு எது கைகொடுக்கும்?

நவம்பர் பிறந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பிக்கும். "அண்ணா, மகளுக்கு எம்ஃபார்ம் இன்டர்வியூ வந்திருக்கு, எந்தக் கோச்சிங்குக்கு அனுப்பலாம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். எம்ஃபார்ம் என்பது பிரிட்டனில் ஃபார்மசிஸ்ட் ஆகப் பள்ளி முடித்ததும் படிக்கும் பட்டப்படிப்பு. லண்டனில் பன்னிரண்டு வருடமாகக் கடைத்தெரு ஃபார்மசி ஒன்றில் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன், சனிக்கிழமை வேலைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குவதும் என் பொறுப்பு, தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு மாதிரி இன்டர்வியூ வைத்துப் பார்த்ததும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதிவைக்கிறேன்.

பெற்றோரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் என்றால் பிளஸ் டூ மார்க், கவுன்சலிங், இடம், அவ்வளவுதான். இலங்கையில் ஏ/எல் மார்க்கை வைத்துக் கணக்கிடும் இசட் புள்ளி. பிள்ளையை எதிரே உட்காரவைத்து "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்கும் பழக்கம் நாம் வளர்ந்த இடத்தில் இல்லை. பிரிட்டனில் வேறு மாதிரி. ஃபார்மசிஸ்ட்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜெனரல் ஃபார்மசூட்டிகல் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த கல்வித் தரங்களின்படி, மார்க்கையும் விண்ணப்பத்தையும் மட்டும் பார்த்து எம்ஃபார்ம் இடம் கொடுக்கக் கூடாது. பிள்ளையோடு கதைத்துப் பார்த்து, நோயாளிகளோடு பழகும் மனப்பாங்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஏ-லெவல் பரீட்சையில் மூன்று ஏ எடுக்கப்போகிற பிள்ளையும் இந்தக் கதவு வழியாகப் போயாக வேண்டும்.

இதற்குத் தயாராக நம் வீடுகளில் நான்கு வழிகள் ஓடுகின்றன: காசு கட்டிப் போகும் கோச்சிங், கேள்வி-பதில் மனப்பாடம், யாரையாவது எதிரே உட்காரவைத்து மாதிரி இன்டர்வியூ, அப்புறம் ஃபார்மசி கவுண்டருக்குப் பின்னால் நின்று வேலை. என் வரிசை இதற்கு நேர் தலைகீழ். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இன்டர்வியூ எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் வழி அதைப் பொறுத்தும் மாறும். ஒன்று, பழைய பாணிப் பேனல்: ஒருவரோ இருவரோ எதிரே இருந்து இருபது நிமிடம் போலக் கேள்வி கேட்பார்கள். இன்னொன்று எம்எம்ஐ, அதாவது 'மல்டிபிள் மினி இன்டர்வியூ', பல குட்டி இன்டர்வியூக்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்புக்காக உருவாக்கிய முறை அது, இப்போது ஃபார்மசிக்கும் வந்துவிட்டது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு மேசையில் கணக்கு, அடுத்ததில் அறம் சார்ந்த ஒரு சிக்கல், அடுத்ததில் கோபமான வாடிக்கையாளராக நடிக்கும் ஒருவர். மணி அடித்தால் எழுந்து போய்விட வேண்டும். பேனலில் முதல் பதில் சறுக்கினால் அந்த நினைப்பு மீதி நேரம் முழுக்க நம்மைத் தொடரும். எம்எம்ஐயில் அடுத்த மேசையில் இருப்பவருக்கு முந்தைய மேசையில் நடந்தது தெரியாது, புதிதாகத் தொடங்கலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு எம்எம்ஐ பயங்கரமாகத் தெரியும், ஆனால் நான் பார்த்தவரை அவர்களுக்கு அதுதான் நல்லது. இரண்டையும் வீடியோ அழைப்பிலும் நடத்துகிறார்கள். எந்த முறை என்பது அழைப்பு மின்னஞ்சலில் இருக்கும், தயவுசெய்து அதை முழுவதும் படியுங்கள். பேனலுக்கு மட்டும் தயாராகிப் போய் எம்எம்ஐ மேசைக்கு முன்னால் திகைத்து நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும்.

சரி, கோச்சிங். ஒரு நாள் வகுப்புக்கே நூற்றுக்கணக்கில் பவுண்டு கேட்கிறார்கள். அதில் கிடைப்பது என்ன? எம்எம்ஐ எப்படி ஓடும் என்று ஒரு முறை ஓட்டிக் காட்டுவார்கள், அது உண்மையிலேயே பயன்தான், மணி அடித்ததும் எழுந்து போகிற பழக்கம் வந்துவிடும். மற்றபடி அங்கே சொல்லித்தரும் பல விஷயங்கள் மருத்துவப் படிப்புக்காகத் தயாரித்தவை, அட்டையை மட்டும் மாற்றியிருப்பார்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவன் அப்படி ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். மாதிரி இன்டர்வியூவில் "நோயாளி சிகிச்சையை மறுத்தால்?" என்று கேட்டதும், மருத்துவமனை வார்டில் டாக்டர் என்ன செய்வார் என்று அழகாகச் சொன்னான். "நீ ஃபார்மசியில் நிற்கிறாய், அவர் கொலஸ்ட்ரால் மருந்தான ஸ்டாட்டின் வேண்டாம் என்கிறார், நீ என்ன சொல்வாய்?" என்றதும் வாயடைத்துப்போனான். பையன் கெட்டிக்காரன்தான். ஃபார்மசிஸ்ட் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான் குறை. பள்ளியில் யாரும் உதவாத பிள்ளைக்கு, வீட்டில் காசுக்கு நெருக்கடி இல்லையென்றால், ஒரே ஒரு முறை போகட்டும். கடன் வாங்கிக் கட்டாதீர்கள்.

மனப்பாடத்தை நான் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். இணையத்தில் கேள்விப் பட்டியல்கள் கொட்டிக்கிடக்கின்றன, இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் பதிலையும் பளபளவென்று எழுதித்தரும். கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள், பதில்களை விட்டுவிடுங்கள். கேட்பவர்கள் ஒரே நாளில் நிறையப் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள். "சிறு வயதிலிருந்தே அறிவியலிலும் மக்களுக்கு உதவுவதிலும் ஆர்வம்" என்று தொடங்கினால் அடுத்த வரி என்னவென்று அவர்களுக்கே தெரியும். மனப்பாடம் செய்த பிள்ளையின் கண் மேலே கூரைக்குப் போகும், அதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் தெரிந்தே ஆகவேண்டிய தகவல்கள் சில இருக்கின்றன, அவற்றைப் படித்துத்தான் ஆகவேண்டும். எம்ஃபார்ம் நான்கு வருடம், அதன்பின் ஒரு வருடப் பயிற்சியும் பதிவுத் தேர்வும். 2026-இலிருந்து புதிதாகப் பதிவாகும் ஃபார்மசிஸ்ட் முதல் நாளிலேயே மருந்து எழுதிக்கொடுக்கும் தகுதியோடு வருவார். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தில் ஏழு பிரச்சினைகளுக்கு, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் உட்பட, ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரை, பார்க்காமலே ஃபார்மசியில் சிகிச்சை கிடைக்கிறது: சைனஸ் அழற்சி, தொண்டை வலி, காது வலி, பூச்சிக்கடித் தொற்று, இம்பெடிகோ என்னும் தோல் தொற்று, அக்கி, பெண்களுக்கு வரும் சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று. ஏழையும் ஒப்பிப்பது முக்கியமில்லை. ஜிபி அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் காது வலியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு தாய்க்கு இதனால் என்ன மாறுகிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

மாதிரி இன்டர்வியூவுக்கு வருவோம். கவுண்டரை விட்டால், காசில்லாமல் கிடைப்பதில் இதுதான் முதலிடம். ஒரே நிபந்தனை, எதிரே இருப்பவர் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கக் கூடாது. நாம் பிள்ளை தடுமாறியதும் பதிலை எடுத்துக்கொடுத்துவிடுவோம், இல்லையென்றால் திட்டிவிடுவோம். பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டு நர்ஸ், போன வருடம் இடம் கிடைத்துப் போன அக்கா, இவர்களில் யாரையாவது பிடியுங்கள். கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள், பிள்ளை தனியாக அதை ஒரு முறை பார்த்தாலே பாதித் தவறு தெரிந்துவிடும். இரண்டு முறை போதும் என்பேன். பத்து முறை செய்தால் அதுவும் மனப்பாடமாகிவிடுகிறது.

ஒரு கணக்கும் கேளுங்கள். நான் எப்போதும் கேட்பது இது: குழந்தைக்கு அமாக்ஸிசிலின் மருந்து, ஒரு வேளைக்கு 5 மில்லி, நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள், ஒரு பாட்டில் 100 மில்லி, எத்தனை பாட்டில் கொடுப்பாய்? நிறையப் பிள்ளைகள் 105 என்று கணக்கை முடித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் "ஒன்று போதும், ஐந்து மில்லிதானே குறையும்" என்பார்கள். இரண்டு பாட்டில் என்று சொல்லி, கடைசி வேளை குறையக் கூடாது என்று காரணமும் சொன்ன பிள்ளையை நான் உடனே வேலைக்கு எடுத்துக்கொள்வேன்.

இப்போது கவுண்டர். மற்ற மூன்று வழிகளையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும் எனக்கு இதுதான் கனமாகத் தெரிகிறது, காரணத்தை ஒரு நிகழ்ச்சி வைத்துச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி, எங்களிடம் அவளுக்கு மூன்றாவது சனிக்கிழமை. ஒருவர் வந்து கோடீன் கலந்த வலி மாத்திரையான கோ-கோடமால் கேட்கிறார், 32 மாத்திரைப் பெட்டி. போன வாரமும் வாங்கியவர். மூன்று நாளுக்கு மேல் எடுக்க வேண்டாம், பழக்கமாகிவிடக் கூடும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அவள் கை பெட்டிக்கும் கல்லாவுக்கும் நடுவில் நின்றுவிட்டது, திரும்பி என்னைப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், அவர் குரல் ஏறுகிறது. நான் வெளியே வந்து, "வாங்க, உள்ளே உட்கார்ந்து கதைப்போம்" என்று ஆலோசனை அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டேன். பல் வலி. மூன்று வாரமாகப் பல் வைத்தியர் கிடைக்காமல் அலைந்திருக்கிறார். அந்தப் பெட்டியை விற்கவில்லை. என்எச்எஸ் உதவி எண் 111-க்கு எப்படி அழைப்பது, அவசரப் பல் சிகிச்சை என்று எப்படிக் கேட்பது என்று எழுதிக்கொடுத்து அனுப்பினேன், போகும்போது நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவளுக்கு நான் அன்று எந்தப் பாடமும் நடத்தவில்லை. ஆனால் பிப்ரவரியில் எம்எம்ஐயில் ஒரு மேசையில், மருந்து தயாராகவில்லை என்று கத்துகிற ஆளாக ஒருவர் நடித்தாராம். இவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம், "இங்கே எல்லோர் முன்னாலும் வேண்டாம், தனியாகக் கதைக்கலாமா?" அதைக் கேட்டதும் நடிகரின் தோள் கொஞ்சம் தளர்ந்தது என்று வந்து சொன்னாள். இதை எந்தப் பட்டியலில் இருந்து படிக்க முடியும்?

கவுண்டரில் நிற்பவர்களுக்கு ஐந்து கேள்விகள் கற்றுக்கொடுப்போம்: மருந்து யாருக்கு, என்ன அறிகுறி, எத்தனை நாளாக, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைக் கேட்கிற பிள்ளைக்கு நடிப்பு மேசை சாதாரண சனிக்கிழமை மாதிரி இருக்கும். பேனலிலும் அப்படித்தான். "குழுவாக வேலை செய்ததற்கு உதாரணம்" என்றால் பள்ளிக் கூடைப்பந்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, கையில் இருபது உதாரணம் இருக்கும். ஒன்று மட்டும் கவனம். வாடிக்கையாளரின் பெயரையோ, ஆளை அடையாளம் காட்டும் எதையுமோ இன்டர்வியூவில் சொல்லிவிடக் கூடாது. ரகசியம் காக்கத் தெரியுமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கவுண்டர் வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை சுலபத்தில் கிடைக்காது, பத்துக் கடை ஏறி இறங்கினால் ஒன்று கிடைக்கலாம். மருந்து விற்பதற்குத் தனிப் பயிற்சி எடுக்க வேண்டும், அதனால் இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கிப் பயனில்லை, பன்னிரண்டாம் வகுப்புக் (இங்கே அது கடைசிக்கு முந்தைய வகுப்பு) கோடையிலேயே தேடத் தொடங்க வேண்டும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, டியூஷன் என்று நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நேரம் இல்லை. வேலை கிடைக்காவிட்டால் இரண்டு நாள் நின்று பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள், தனிக் கடைகளில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முதியோர் இல்லத்தில் தன்னார்வ வேலையும் நல்ல மாற்றுதான்.

நம் பிள்ளைகளிடம் இன்னொரு அனுபவம் இருக்கிறது, அதை அவர்கள் அனுபவமாகவே எண்ணுவதில்லை. அம்மம்மாவோடு ஜிபிக்கும் ஃபார்மசிக்கும் போய் மொழிபெயர்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! "சாப்பாட்டுக்கு முன்னா பின்னா?" என்று கேட்டுச் சொல்லியிருப்பார்கள், அம்மம்மா வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதைக் கவனித்திருப்பார்கள், சொன்னதற்கும் புரிந்துகொண்டதற்கும் நடுவில் எவ்வளவு தொலைந்துபோகிறது என்று கண்ணால் பார்த்திருப்பார்கள். மாதிரி இன்டர்வியூவில் ஒரு பிள்ளை இதைச் சொன்னபோது நான் அடுத்த கேள்வி கேட்க மறந்து அவளையே கேட்டுக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் அதை ஒரு வரிகூட அவள் எழுதவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். "ஏன் மெடிசின் இல்லை?" என்ற கேள்வி அனேகமாக வரும். வீட்டில் ஃபார்மசியை இரண்டாவது இடத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் அது பிள்ளையின் குரலில் தெரிந்துவிடும், எந்தக் கோச்சிங்காலும் அதை மறைக்க முடியாது. மெடிசினுக்கும் விண்ணப்பித்திருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதில் எனக்கு உண்மையான ஆர்வம், அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் தெருவில் இருந்து நேரே உள்ளே வரும் மனிதரோடு வேலை செய்யப் பிடித்திருக்கிறது என்று நேராகச் சொல்லட்டும். ஆனால் அது உண்மையாக இருந்தால்தான் சொல்ல வரும்.

இப்போது கையில் இரண்டே வாரம் இருக்கிறவர்களுக்கு. கவுண்டர் வேலைக்கு நேரம் கடந்துவிட்டது, பரவாயில்லை. ஒரு நாள் தெரிந்த ஃபார்மசியில் நின்று பார்க்கக் கேளுங்கள். ஆசிரியரோடு இரண்டு மாதிரி இன்டர்வியூ. தினம் பத்து நிமிடம் கால்குலேட்டர் இல்லாமல் கணக்கு. அப்புறம் ஒரு மாலை, அம்மம்மாவிடம் அனுமதி கேட்டு அவருடைய மருந்துப் பையை மேசையில் விரித்துவைத்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மடித்திருக்கும் தாளைப் படித்து, எது எதற்கு, எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். சொல்லி முடித்தபின் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.