மடை இல்லாத வயிறு

பதினெட்டு நாள் ஊரில் இருந்தேன். பதினெட்டு நாளும் ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "எனக்குச் சுகர்." டீக்கடையில், கல்யாண வீட்டில், சர்க்கரைப் பொங்கல் தொன்னையை நீட்டிய பூசாரியிடம், எல்லோரிடமும். பாதிப் பொய் என்று வேண்டுமானால் சொல்லலாம். 2024 ஆகஸ்டில் சிங்கப்பூரில் கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை) செய்துகொள்ளும்வரை எனக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பிறகு மாத்திரையை நிறுத்தினார்கள். 112 கிலோ இருந்தவள் இப்போது 73.

உண்மையைச் சொன்னால் அரை மணி நேரப் பஞ்சாயத்து. "வயிற்றையா வெட்டிக்கொண்டாய்? காலையில் வாய்க்கால் மேட்டில் நடந்திருந்தாலே குறைந்திருக்குமே?" என்று ஆரம்பிப்பார்கள். 'சுகர்' என்றால் ஒரே சொல்லில் முடிந்தது. எங்கள் சொந்தத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதை வேறு எந்த நோய்க்கும் கிடையாது. டீ மாஸ்டர் கேள்வியே கேட்காமல் தனிக் கிளாஸை எடுத்துவிடுகிறார்.

இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட தோழிகள் இருவர், ஊருக்குப் போனால் சமாளிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழி. கோவையில் இறங்கி அவிநாசி, குன்னத்தூர் வழியாகக் கோபிசெட்டிபாளையத்துக்குக் கார். எங்களைப் போன்றவர்களுக்குச் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வயிறு கலக்கலாம். அதனால் சாப்பாட்டுக்கடை எங்கே என்பதைவிடக் கழிப்பறை எங்கே என்பதுதான் முக்கியம். அவிநாசி சாலையில் இரண்டு பெட்ரோல் பங்குகளில் நின்றோம். இரண்டிலும் பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருந்தது, தண்ணீரும் வந்தது. அவிநாசியைத் தாண்டிய பிறகு அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. விமானத்தில் வெறும் வயிற்றோடு வந்தது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது.

வந்த மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளூர் கிளினிக்கில் ஐந்தே நிமிடம் காத்திருந்தேன். டாக்டர் ஊசிக்குச் சீட்டு எழுதப் போனார். பைபாஸ் என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு, "முதலிலேயே சொன்னீர்களே, நல்லது" என்றார். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் எங்களுக்கு ஆகாது. சின்னப் பையும் குடலும் சேரும் தையல் ஓரத்தில் புண் வந்துவிடும். பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார். இதுவரை எல்லாம் சரி.

மருந்துக்கடையில்தான் தடுக்கியது. கூட்டம். பையன் சீட்டைப் பார்த்தான், ஒரு அட்டையை எடுத்தான், கத்தரியால் பத்து மாத்திரையை நறுக்கிக் கவரில் போட்டான். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். நறுக்கியதில் பாதி எழுத்து போயிருந்தது. மிச்சம் இருந்த வரியில் பாராசிட்டமாலுக்கு முன்னால் 'அசிக்ளோஃபினாக்' என்று இருந்தது. அதுவும் டைக்ளோஃபினாக் வகைதான். இரண்டும் சேர்ந்த மாத்திரை. திரும்பப் போய்க் கேட்டபோது, "இதுதான் அக்கா நன்றாகக் கேட்கும், எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றான். அவனிடம் கோபப்பட முடியவில்லை. சிரித்த முகமாகத்தான் மாற்றிக் கொடுத்தான். ஆனால் அந்தக் கத்தரியை நம்பாதீர்கள். மருந்தின் பெயர் தெரியும்படி முழு அட்டையாகவே வாங்குங்கள்.

கால்சியத்திலும் இதே கதைதான். எங்களுக்கு வேண்டியது சிட்ரேட். கார்பனேட் உடம்பில் சேர அமிலம் வேண்டும், முட்டையளவுகூட இல்லாத பையில் அமிலம் எங்கே சுரக்கும்? கேட்டதும் எடுத்துக் கொடுப்பது கார்பனேட்டைத்தான். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஒன்றிலும் விசாரித்தேன். நான் போன அன்று சிட்ரேட் இல்லை. அங்கிருந்த பெண் மட்டும் எதற்காக என்று காரணம் கேட்டார், குறித்தும் வைத்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றி இரண்டே வரி போதும், குறையே இல்லை. காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் வந்த பையன் திண்ணையிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். பி12, ஃபெரிட்டின், வைட்டமின் டி எல்லாம் மாலைக்குள் வாட்ஸ்ஆப்பில் வந்துவிட்டன. ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, குறைவு. இரும்பு மாத்திரையை விழுங்கிய கையோடு டீ குடித்தது என் தவறு.

இனி கல்யாணம். தை முகூர்த்தம், பெரியம்மா பேரனுக்கு. முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் உப்புக்கு அடுத்து வந்தது நெய் ஊற்றிய ஒப்புட்டு, எங்கள் ஊர்ப் போளி. "சுகர்" என்றேன். பந்தி விசாரித்துக்கொண்டு வந்த மாமா அதையே பிடித்துக்கொண்டார். "பாதி ஒப்புட்டில் ஒன்றும் ஆகிவிடாது அம்மிணி. நான் எல்லாம் கூட ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன்." சுகர் என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு என்றேன், கல்யாணப் பந்தியில் அது செல்லாது என்பது எனக்குத் தெரியாது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இலையை மூடவும் முடியவில்லை. பாதி ஒப்புட்டு, இரண்டு கரண்டி பாயசம், நடுவே தண்ணீர். செய்யக்கூடாத மூன்றையும் ஒரே வரிசையில் செய்தேன்.

ரசம் வருவதற்குள் நெஞ்சு படபடத்தது. காதோரம் வியர்வை. அடிவயிற்றில் யாரோ துணி பிழிவதைப் போல ஒரு முறுக்கல். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். மூன்று கழிப்பறைகள், ஒன்றில்தான் தாழ்ப்பாள் இருந்தது. அதன் முன்னால் தலை பின்னிய நான்கு சிறுமிகள் வரிசையில் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்ததும் மூத்தவள் மற்ற மூவரையும் கையால் ஒதுக்கி, "அத்தை முதலில் போகட்டும்" என்றாள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அதுதான்.

வெளியே வந்து மணமகள் அறையில் அரை மணி நேரம் படுத்துக்கிடந்தேன். படுத்தால் சாப்பாடு குடலுக்கு இறங்கும் வேகம் குறையும். ஓ.ஆர்.எஸ். வாங்கி வரச் சொன்னதற்கு ஒரு பையன் ஆப்பிள் படம் போட்ட அட்டைப்பெட்டிப் பானத்தோடு வந்தான். இனிப்புப் பானங்கள் அந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொண்டு விற்கப்படுவதை 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? திரும்ப அனுப்பி, உலக சுகாதார நிறுவன அளவுப்படியான பொடியை வாங்கி வரச் சொன்னேன். அதிலும் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் உண்டு, அதனால் மடமடவென்று குடிக்காமல் ஒவ்வொரு வாயாகக் குடித்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை மடிக்கும்போது கை நடுங்கியது. மடிப்பு நிற்கவே இல்லை, கண் இருண்டது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். பந்தி விசாரித்த அதே மாமா தன் சர்க்கரை மீட்டரைக் கொண்டுவந்து விரலில் குத்தினார். 54, ரொம்பக் குறைவு.

"எத்தனை மாத்திரை போட்டாய்?"

"ஒன்றும் போடவில்லை மாமா."

"பயப்படாமல் சொல்லு கண்ணு. மூன்று போட்டாயா?"

சத்தியம் செய்தாலும் நம்பவில்லை. கூட ஒரு மாத்திரை என்று தான் சொன்னதைக் கேட்டுத்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவருக்கு முகம் செத்துப்போயிற்று. இரண்டு ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்ததும் ஒரு அவித்த முட்டை வேண்டும் என்றேன். கல்யாண வீட்டில் முட்டையா என்று பெரியம்மா முறைத்தார், ஆனாலும் பக்கத்து வீட்டில் இருந்து வந்தது. வெறும் சர்க்கரையோடு விட்டால் மறுபடி ஏறி மறுபடி இறங்கும், பின்னாலேயே புரதம் போக வேண்டும். முட்டையைத் தின்றுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

மாமாவுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வயல். கொடிவேரி அணையில் பிரியும் இரண்டு வாய்க்கால்களில் அது ஒன்று. இரைப்பை, குடல், இன்சுலின் என்று நான் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் பட்டுத் திரும்பி வந்தன. கடைசியில், "மாமா, வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே மடை இருக்கிறது அல்லவா? எனக்கு அந்த மடையை எடுத்துவிட்டார்கள்" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "மடை இல்லையா? அப்படியானால் வந்த தண்ணீர் எல்லாம் ஒரே மூச்சில் வயலில் பாய்ந்துவிடுமே!"

அதேதான். சாதாரணமாக இரைப்பையின் கீழ்வாய் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். எனக்கு ஏறக்குறைய முப்பது மில்லி பிடிக்கும் பை, அதில் இருந்து நேராகச் சிறுகுடல். இனிப்பு மொத்தமாகப் போய் விழுந்தால் குடல் ரத்தத்தில் இருந்து தண்ணீரை இழுக்கும். அதுதான் பந்தியில் வந்த படபடப்பும் ஓட்டமும். சர்க்கரை சட்டென்று ஏறுவதைப் பார்த்து உடம்பு இன்சுலினை அள்ளி விடும். அது மிஞ்சிப்போய் ஒரு மணியில் இருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தரைக்கு இறங்கும். அதுதான் சேலை மடிக்கும்போது வந்த நடுக்கம். ஆங்கிலத்தில் இதை டம்பிங் என்கிறார்கள். மாமா சொன்ன விளக்கம் அதைவிட நன்றாக இருந்தது. "வரப்பு உடைந்த வயல். அதற்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விட வேண்டும்."

அன்றில் இருந்து எனக்குச் சாப்பாட்டு முறை வைத்தவர் அவர்தான். தண்ணீர்ச் சொம்பை என் பக்கத்தில் இருந்து எடுத்துவிடுவார். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் சொம்பு திரும்பி வரும். யாராவது இனிப்பை நீட்டினால், "அவளுக்கு மடை இல்லை" என்பார். கேட்டவர்கள் குழம்பி நிற்பார்கள், ஆனால் தட்டு தாண்டிப் போய்விடும்.

ஒரு நாள் கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையின் உணவு ஆலோசகரைப் பார்த்தேன். மூன்று மணி நேரக் காத்திருப்பு, மூன்று கவுண்டர்கள், மூன்றிலும் அதே படிவம். கையில் கொடுத்த அச்சடித்த தாள் வீண். ஓட்ஸ், பனீர், சியா விதை என்று யாருக்கோ எழுதியது. ஆனால் அந்தப் பெண் தாளைத் திருப்பிப் போட்டு, "உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள்?" என்று கேட்டாரே, அதற்கு அந்த மூன்று மணி நேரத்தையும் கொடுக்கலாம். அரிசியும் பருப்பும் சாதத்தில் பருப்பை இரட்டிப்பாக்கி அரிசியைக் குறைக்கச் சொன்னார். பச்சைப்பயறு கடைசலை முதலில் சாப்பிட வேண்டும், சாதத்தைக் கடைசியில். சந்தகை (எங்கள் ஊர் இடியாப்பம்) வேண்டுமென்றால் எலுமிச்சை தாளித்தது கால் கிண்ணம், தேங்காய்ப்பாலும் வெல்லமும் கூடாது. பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் புளித்த மோர், அதுவும் சாப்பாட்டோடு இல்லாமல் தனியாக. நாள் முழுவதும் சேர்த்து அறுபது கிராம் புரதத்துக்குக் குறையக்கூடாது என்று பேனாவால் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

கொள்ளைப் பற்றிக் கேட்க வெட்கமாக இருந்தது, கேட்டேன். கொள்ளுப் பருப்பு புரதத்துக்கு நல்லது, வாயுவுக்கு மோசம். எனக்கு மோசம் என்றால் மோசம், அறையில் தனியாகப் படுக்கும் அளவுக்கு. ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவைத்து இரண்டு ஸ்பூனில் ஆரம்பிக்கச் சொன்னார். கொஞ்சம் அடங்கியது, முழுதாக இல்லை. சின்ன வயதில் 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அதை ஊற்றிய பெரியம்மா, இந்த முறை 'இளைத்தவனுக்கு எள்ளு' என்று டப்பா நிறைய எள்ளுருண்டை பிடித்து வைத்திருந்தார். அத்தனையும் கருப்பட்டி. பழமொழி மாறியும் என் வயிறு தப்பவில்லை.

இரும்பு மாத்திரையால் வந்த மலச்சிக்கலுக்குப் பெரியம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றது தனிக் கதை. வயிறு ஒருபுறம் ஓடுகிறது, மறுபுறம் கட்டுகிறது என்றால் யாருக்குத்தான் புரியும்? எண்ணெய்க்கு மறுத்துவிட்டு, கோபியிலேயே வாங்கிய பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியைக் கரைத்துக் குடித்தேன். லாக்டுலோஸ் சிரப்பைத்தான் முதலில் கொடுத்தார்கள். அதுவும் ஒரு சர்க்கரைதான், வாயுவை இன்னும் கூட்டும்.

கிளம்பும் நாள் மாமா தன் மீட்டரை என் பையில் வைத்தார். சிங்கப்பூரில் என்னிடமே ஒன்று இருக்கிறது என்றேன். "ஊருக்கு வரும்போது எடுத்து வந்தாயா?" என்றார். பதில் இல்லை, வாங்கிக்கொண்டேன்.

பெரியம்மா வாசல் வரை வந்தார். "அடுத்த தடவை ஆடியில் வா சாமி. முகூர்த்தமே இருக்காது, பந்தியும் இருக்காது. உன் வயிறு நிம்மதியாக இருக்கும்."

நல்ல யோசனைதான் என்று அவிநாசி வரை நினைத்துக்கொண்டே வந்தேன். பிறகுதான் ஆடி நோம்பிப் பலகாரம் நினைவுக்கு வந்தது.