ஸ்டிக்ஸ் டூ கணித எழுத்துரு: ஐந்தாண்டுப் புழக்கத்துக்குப் பின்

தமிழ்வழிக் கணிதப் பயிற்சி நூல்களுக்குப் பக்கம் அமைப்பது என் பிழைப்பு. ஐந்து ஆண்டுகளாக அவற்றில் கணிதக் குறிகளுக்கு ஸ்டிக்ஸ் டூ எழுத்துருவைத்தான் வைத்திருக்கிறேன். கணித எழுத்துரு என்றதும் பலர் தொகையீட்டுக் குறியின் வளைவை ரசிப்பார்கள். என் கண் முதலில் போவது கழித்தல் குறிக்கு.

காரணம் ஒரு பழைய அவமானம். முன்பு ஒரு நூலில் விசைப்பலகைச் சிறுகோட்டையே கழித்தலாக்கி 7-3 என்று விட்டுவிட்டேன். மெய்ப்புப் பார்த்த கணக்காசிரியர், "இது ஏழு முதல் மூன்று வரையா?" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். சிறுகோடு குட்டை, தாழ்ந்தும் நிற்கும். யூனிகோடில் கழித்தலுக்கென்றே 2212 என்ற தனி இடம் இருக்கிறது. கூட்டல் குறியின் நிமிர்ந்த கோட்டை உருவிவிட்டால் எஞ்சுவதுதான் நல்ல கழித்தல் குறி. ஸ்டிக்ஸ் டூவின் + − இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், நூல்பிடித்தாற்போல் பொருந்தின. பின்னக் கோடும் அதே உயரத்தில்தான் ஓடுகிறது.

அறிவியல் பதிப்பாளர்கள் கூடித் தொடங்கிய திட்டம் ஸ்டிக்ஸ். முதல் பதிப்பு 2010இல் வந்தது. 2016இல் வந்த இரண்டாம் பதிப்பைக் கனடாவின் டைரோ டைப்வொர்க்ஸ் வரைந்தது. டைம்ஸ் எழுத்துருக் குடும்பச் சாயல்தான் என்றாலும் கணினியில் பார்த்துச் சலித்த டைம்ஸைவிடச் சற்றுத் திடமானது. மட்டமான தாளிலும் மெலிந்து போவதில்லை. விலையும் கிடையாது.

சிக்கல் தமிழோடு சேரும்போதுதான். ரோமன் சிற்றெழுத்தைவிடத் தமிழ் எழுத்தின் உடல் உயரம். "பரப்பளவு = நீளம் × அகலம்" என்று போட்டால் பெருக்கல் குறி பள்ளத்தில் கிடப்பதுபோல் தெரியும். தமிழை 92 விழுக்காட்டுக்குச் சுருக்கிய பிறகே கண் ஒப்பியது. பின்னம் இன்னும் தொல்லை. "தூரம்" மேலே இருந்தால் தூவின் வால் கோட்டில் இடிக்காமலிருக்க நான் பக்கம் அமைக்கும் லாடெக் மென்பொருள் அதை மேலே தள்ளுகிறது. பக்கத்துப் பின்னத்தில் வெறும் எண் இருந்தால் இரண்டும் ஏறுக்குமாறாக நிற்கின்றன. எல்லாத் தொகுதிகளுக்கும் ஒரே ஆழமுள்ள, கண்ணுக்குத் தெரியாத முட்டு ஒன்றைக் கொடுத்துச் சமாளிக்கிறேன். இதை எழுத்துருவின் குறை என்று சொல்ல மாட்டேன். வரைந்தவர்கள் முன்னால் தமிழ்ச் சொற்களாலான சமன்பாடு இருந்திருக்காது.