பாதி விலை கேமும் ஒரு பூட்டும்

செங்கோட்டை, புளியரை சுத்துப்பட்டில் பிளேஸ்டேஷன் (டிவியில் மாட்டி வீடியோ கேம் விளையாடும் மெஷின்) வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. இன்ஸ்டாவில் “பிரைமரி 1,500, செகண்டரி 800” என்று கேம் விற்பவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பி ஏமாந்தேன்.

முதல் கோணல் என்னுடையதுதான். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கும்போது டிஸ்க் மாடலைவிட டிஜிட்டல் மாடல் பத்தாயிரம் ரூபாய் குறைவு. மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் டிஜிட்டலை எடுத்தேன். டிஸ்க் என்றால் விளையாடி முடித்ததை விற்கலாம், பழசு வாங்கலாம், சிநேகிதனிடம் இரவல் கேட்கலாம். டிஸ்க் போட வழியில்லாத டிஜிட்டலுக்கு ஒரே கடை, மெஷினுக்குள் இருக்கும் ஆன்லைன் ஸ்டோர். அங்கே போட்டதுதான் விலை.

2024 பொங்கல் லீவில் பையன் இஏ எஃப்சி 24 என்ற கால்பந்து கேம் கேட்டான். ஸ்டோரில் நாலாயிரத்தைச் சுற்றி விலை, இன்ஸ்டாவில் விற்கும் ஒருத்தன் 1,500க்குத் தருவதாகச் சொன்னான். வாய்ஸ் நோட்டில் பாதி மலையாளம், பாதி தமிழ்: “சேட்டா, பேடிக்கேண்டா (அண்ணா, பயப்பட வேண்டாம்). லைஃப்டைம் கேரண்டி.” பிரானூர் பார்டரில் மர மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான். கேரளத்துப் புனலூர்க்காரர்களோடு தினமும் வாய் வார்த்தையிலேயே வியாபாரம் ஓடுகிறது. அந்தப் பேச்சு காதுக்குப் பழக்கமாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. ஜிபேயில் கடைப் பெயருக்குப் பதில் யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. பார்த்துக்கொண்டேதான் அனுப்பினேன்.

அவன் கொடுத்தது கேம் இல்லை, ஒரு அக்கவுண்ட். அவனுடைய மெயில், பாஸ்வேர்டு. லாகின் பண்ணும்போது ஓடிபி அவனுக்குப் போனது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். “கன்சோல் ஷேரிங் ஆன் பண்ணிட்டு உங்க சொந்த ஐடிக்கு வந்துடுங்க, அவ்வளவுதான்” என்றான். கேம் ஓடியது.

சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஒரு அக்கவுண்டுக்கு ஒரு பிஎஸ்5இல் மட்டும்தான் அந்த ஷேரிங் ஆன் ஆகும். ஆன் ஆன மெஷினில் யார் ஐடியிலும் விளையாடலாம். அந்த இடத்தை விற்பதுதான் பிரைமரி. அவன் ஐடிக்குள்ளேயே நுழைந்து, நெட்டோடு விளையாடுவது செகண்டரி. ஒரே கேமை இப்படி இரண்டு பேருக்கு விற்கிறார்கள். அக்கவுண்ட் அவன் கையில் இருப்பதால், நம் மெஷினில் இருக்கும் ஷேரிங்கைத் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே எடுத்துவிட்டு மூன்றாவது ஆளுக்கும் விற்கலாம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, “அப்பா, பூட்டு போட்டிருக்கு” என்று பையன் கூப்பிட்டான். கேம் படத்தின் மேல் குட்டியாக ஒரு பூட்டு. கேம் உரிமையை மீட்கும் ‘ரீஸ்டோர் லைசென்ஸ்’ கொடுத்துப் பார்த்தேன், பூட்டு போகவில்லை. புனலூர் சித்தி மகன் பேச்சைக் கேட்டு என் பையன் கேரளா பிளாஸ்டர்ஸ் டீமை எடுத்திருந்தான் (நம்ம சென்னையின் எஃப்சி டீம் இருக்கும்போது உனக்கு என்னலே பிளாஸ்டர்ஸ் என்று நான் சண்டை போட்டது தனிக்கதை). இரண்டு மாதம் விளையாடிய ஆட்டத்தின் பதிவு (கேரியர் சேவ்) மெஷினில் பத்திரமாக இருக்கிறது. திறக்கத்தான் வழியில்லை.

மெசேஜ் போட்டேன். “சர்வர் பிரச்சினை, நாளைக்கு ரெடி.” மறுநாள் பாஸ்வேர்டு மாறியிருந்தது. அதற்கடுத்த நாள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனியின் சப்போர்ட்டிலும் கேட்டேன். அக்கவுண்ட் மெயிலும் வாங்கிய விவரமும் கேட்டார்கள், இரண்டும் அவனிடம். அதோடு அக்கவுண்டை விற்பதும் வாங்குவதும் அவர்கள் விதிக்கே விரோதம். நான் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

சைபர் கிரைம் உதவி எண் 1930க்குப் போன் பண்ணும்போது பணம் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எடுத்தவர் பொறுமையாக, “என்ன சார் பொருள் வாங்குனீங்க?” என்றார். “பொருள் இல்ல சார், ஒரு அக்கவுண்ட்ல...” என்று தொடங்கி எனக்கே வெட்கமாகிவிட்டது. புகார் பதிவானது, காசு வரவில்லை. உங்களுக்கு நேர்ந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். யுடிஆர் நம்பரையும் (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்), அவன் அழிப்பதற்கு முன் சாட்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள்.

வயிறு எரிந்தது மே மாதம்தான். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டுகிறவர்களுக்கு அந்த மாதக் கணக்கில் இதே எஃப்சி 24ஐக் கொடுத்தார்கள். சோனி இல்லாத வெளிக் கம்பெனி கேம்கள் வந்த சில மாதத்திலேயே ஸ்டோர் சேலில் பாதிக்கும் கீழே இறங்குவதும் வழக்கம்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் மில்லில் லோடு ஏற்ற வந்த பையன் போனை நீட்டி, “அண்ணாச்சி, இந்த பேஜ்ல கேம் வாங்கலாமா?” என்று கேட்டான். பேர் வேறு, படம் வேறு. வாய்ஸ் நோட்டைப் போடச் சொன்னேன். “சேட்டா, பேடிக்கேண்டா...”