மெக்டாமினேயா, மெக்கின்னா?

இருவரும் ஸ்காட்லாந்து கால்பந்து அணியின் நடுக்கள வீரர்கள். அந்த அணியின் சொந்த மைதானமான ஹாம்டன் பார்க்கில் இருவருமே அந்தரத்தில் மல்லாந்து கோல் அடித்திருக்கிறார்கள். ஜான் மெக்கின் அடித்தது 2021 மார்ச்சில். ஆஸ்திரியாவிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்த ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் அந்தக் கோல் சமன் செய்தது. கொரோனா காலம், கைதட்ட ரசிகர்கள் இல்லை. ஸ்காட் மெக்டாமினே அடித்தது 2025 நவம்பர் 18 அன்று, டென்மார்க்குக்கு எதிராக, மூன்றாவது நிமிடத்திலேயே. அரங்கம் அதிர்ந்தது. 4-2 என வென்ற ஸ்காட்லாந்து, 1998க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

அழகில் இரண்டாவதுதான் ஒரு படி மேல். ஆனால் நடுக்களத்துக்கு ஒருவரை மட்டும் தேர்ந்தெடு என்றால்?

மெக்டாமினே மான்செஸ்டர் யுனைடெட்டிலேயே வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது குள்ளம். பிறகுதான் மளமளவென்று உயர்ந்தார். முதல் அணியில் பல ஆண்டுகள் அவரைத் தற்காப்புக்கு முன்னால் காவல் நிற்க வைத்தார்கள். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ 2020 தொடரில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்தும் அவரைப் பின்வரிசையில்தான் ஆடவிட்டது. அவருடைய பலமோ வேறு: பின்னாலிருந்து ஓடிவந்து, யாரும் கவனிக்காத நொடியில் கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பாக்ஸுக்குள் நுழைவது. 2023 மார்ச்சில் ஸ்பெயினை 2-0 என வீழ்த்திய இரண்டு கோல்களும் அவருடையவை. 2024 ஆகஸ்டில் இத்தாலியின் நாப்போலி கிளப்புக்குப் போனதும் பயிற்சியாளர் கான்டே அவரைக் கோலுக்கு அருகே நகர்த்தினார். அந்த சீசனில் லீக்கில் 12 கோல், சாம்பியன் பட்டம், இத்தாலியின் முதல் நிலை லீக்கான சீரி ஆ-வின் சிறந்த வீரர் விருது.

மெக்கின்னின் பாதை கீழேயிருந்து தொடங்கியது. முதலில் ஸ்காட்லாந்து கிளப்பான செயின்ட் மிரன், பிறகு ஹிபர்னியன். அங்கே 2016இல், 1902க்குப் பிறகு அந்தக் கிளப் வென்ற முதல் ஸ்காட்டிஷ் கோப்பை. அவருடைய தாத்தா செல்டிக் கிளப்பின் தலைவராக இருந்தவர். 2018இல் செல்டிக்கும் அவரைக் கேட்டது. இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா முந்திக்கொண்டது, மூன்று மில்லியன் பவுண்டுக்கும் குறைவான விலையில். அப்போது வில்லா இரண்டாம் நிலை லீக்கில் இருந்தது. அடுத்த ஆண்டே வெம்ப்ளியில் டெர்பி கவுன்டி அணிக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் அவர் போட்ட கோல் வில்லாவை முதல் நிலையான பிரீமியர் லீக்குக்குத் தூக்கியது. 2022இல் கேப்டன். 2025இல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் காலிறுதி. பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜியிடம் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-5 எனத் தோற்றார்கள், ஆனால் இரண்டாவது ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். இரண்டாம் நிலை லீக்கிலிருந்து அவ்வளவு தூரம், ஒரே சட்டையில்!

என் ஓட்டு மெக்கின்னுக்கு. மெக்டாமினேயின் முழுப் பலமும் வெளிப்பட, அவருக்கேற்ற இடத்தை ஒரு பயிற்சியாளர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மெக்கின்னை நடுவில் நிறுத்தினாலும் வலப்பக்கம் தள்ளினாலும் அவர் அவராகவே இருக்கிறார். எதிராளிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை அகட்டி அவர் பந்தைக் காத்துநிற்கும்போது இரண்டு பேர் சேர்ந்தாலும் பறிப்பது கடினம். நீண்ட சீசனில் அணியை நிமிர்த்திப் பிடிப்பது அதுதான்.

ஐந்தே நிமிடம் மிச்சம், ஒரு கோல் கட்டாயம் என்றால் மட்டும் மனம் மாறுவேன். 2023 அக்டோபரில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக யுனைடெட் 0-1 எனத் தோற்றுக்கொண்டிருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக வந்து 90 நிமிடம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் இரண்டு கோல் போட்டவர் மெக்டாமினே. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவரைப் பாக்ஸுக்குள் அனுப்பிவிட்டு, பந்தை உயரத் தூக்கிப்போடச் சொல்வேன்.