நடுவில் ஒரு கோடு: ஓலெட் மானிட்டரோடு 6,200 மணி நேரம்

பனிமூட்டம் நிறைந்த ஒரு காட்சியில்தான் அந்தக் கோட்டை முதன்முதலாகப் பார்த்தேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம், தூரத்தில் ஒரு படகு. மேலிருந்து கீழ் வரை, சரியாக நடுவில், மயிரிழை அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு. படகு அதைத் தாண்டிப் போய்விட்டது, கோடு நகரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு கணினியில் இணைத்துப் பார்த்தேன். எங்கே இணைத்தாலும் கோடு கூடவே வந்தது. அப்போதே வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் அது எந்த இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இடப்பக்கம் மூலநூல், வலப்பக்கம் என் மொழிபெயர்ப்பு. அந்த இரண்டு ஜன்னல்களும் சேரும் இடம்.

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். மானிட்டர் 27 அங்குல ஓலெட். வாங்கி இரண்டரை ஆண்டு. மெனுவில் காட்டும் கணக்குப்படி அன்றைக்கு 6,200 மணி நேரம் ஓடியிருந்தது. பகலெல்லாம் வெள்ளைப் பின்னணியில் எழுத்து, இரவில் படம். வாங்குவதற்கு முன் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: பர்ன்-இன், அதாவது ஒரே படம் நெடுநேரம் நின்ற இடத்தில் நிரந்தரத் தடம் விழுவது, வருமா? பாதிப் பேர் "அதெல்லாம் பழைய கதை" என்றார்கள். மீதிப் பேர் "ஆறே மாதத்தில் திரை போய்விடும்" என்றார்கள். இரண்டுமே சரியில்லை. என் திரையில் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். கறுப்பு என்றால் இதில் உண்மையிலேயே கறுப்பு. ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, கறுப்பு வேண்டிய இடத்தில் தானே அணைந்துவிடுகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டான காட்சி ஒன்றைப் போட்டால், திரை எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பல வருடம் எல்சிடியின் சாம்பல் பூத்த கறுப்பையே கறுப்பென்று நம்பியிருந்த எனக்கு முதல் வாரம் தூக்கமே வரவில்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

எழுத்துக்கு அவ்வளவு பாராட்டு கிடையாது. என் பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் தவிர, ஒவ்வொரு பிக்சலிலும் வெள்ளைக்கென்று நான்காவது ஒரு துணுக்கு இருக்கிறது. கணினியின் எழுத்து மென்பொருள் இந்த அடுக்கை எதிர்பார்ப்பதில்லை. அதனால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவு தெரியும். மற்றவர்களுக்கு அது கண்ணில் படாமலே போகலாம். மூன்று சுழி ணகரமா, இரண்டு சுழி னகரமா என்று நாள் முழுதும் பார்ப்பவருக்குக் கண் வலிக்கும். எழுத்தளவை ஒரு படி கூட்டிய பிறகுதான் நிம்மதி வந்தது.

இனி அந்தக் கோடு. மறுநாள் காலை திரை முழுக்க 50 சதவீதச் சாம்பல் படத்தை வைத்துப் பார்த்தேன். கோடு மட்டும் இல்லை, கீழே டாஸ்க்பார் இருந்த பட்டையும் தெரிந்தது. இரண்டுமே சுற்றியுள்ள இடத்தைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தன. இது எனக்குப் புரியவில்லை. நான் வைத்திருந்தது கறுப்பு டாஸ்க்பார். ஜன்னல்களுக்கு நடுவே இருந்ததும் கறுப்பு இடைவெளிதான். கறுப்பாக இருந்த இடம் எப்படி வெளிச்சமாகும்?

இதை யோசித்து முடித்தபோதுதான் பர்ன்-இன் என்றால் என்னவென்று உண்மையில் விளங்கியது. படம் திரையில் ஒட்டிக்கொள்வதில்லை. ஓலெட்டில் ஒளி தரும் கரிமப் பொருள், ஒளிர ஒளிரத் தேய்கிறது. அதிக வெளிச்சம், அதிகச் சூடு, அதிக நேரம் என்று எது கூடினாலும் தேய்மானம் கூடும். எல்லாப் பிக்சலும் சமமாகத் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது, திரை மொத்தமாகக் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். என் வெள்ளைப் பக்கங்கள் இருந்த இரண்டு பெரிய பரப்புகளும் தேய்ந்துவிட்டன. கறுப்புக் கோடும் கறுப்புப் பட்டையும் ஓய்வில் இருந்ததால் புதுசாகவே இருந்தன. என் கண்ணில் பட்ட கோடு திரையின் பழுதில்லாத பகுதி. பழுதானது மீதி முழுவதும்.

நிறம் நிறமாகச் சோதித்ததும் இதையே காட்டியது. வெள்ளையிலும் சாம்பலிலும் தெளிவாகத் தெரிந்த கோடு, தனிச் சிவப்பில் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நாள் முழுதும் உழைத்தது அந்த வெள்ளைத் துணுக்குதானே. நீங்களும் சோதிப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: கேமராவில் எடுத்தால் தடம் நிஜத்தைவிடப் பயங்கரமாகத் தெரியும். கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து நான் பாதி இரவு கவலைப்பட்டேன். எழுதும்போது அந்தக் கோடு ஒருநாளும் என் கண்ணில் படவில்லை. மூடுபனி, மேகம், நீச்சல்குளம் போன்ற ஒரே நிறப் பரப்புகளில் மட்டும்தான் தெரிந்தது.

இதில் என் தவறு ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் பவர் ஸ்ட்ரிப் சுவிட்சை அணைத்துவிடுவது என் பழக்கம். மின்சாரம் வீணாகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே வந்தது. இந்த மானிட்டரோ, மொத்தமாக 4 மணி நேரம் ஓடிய பிறகு அணைத்தால், ஸ்டாண்ட்பையில் இருந்தபடி சில நிமிடம் ஒரு வேலை செய்கிறது. பிக்சல்களின் மின் தன்மை எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைத் திருத்துகிறது. தேய்ந்த பிக்சலுக்கு உயிர் திரும்பாது, ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் சமன்படும். நான் ஒன்றரை ஆண்டு அந்தச் சில நிமிடத்தைத் தராமலே பிளக்கில் மின்சாரத்தை வெட்டியிருக்கிறேன். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் சுத்தம் செய்யும் துணியைப் பற்றிய குறிப்புக்குக் கீழே. இவ்வளவு முக்கியமான செய்தியைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். இந்த மதிப்புரையில் எனக்குக் கோபம் வரும் இடம் இது ஒன்றுதான்.

ஒப்பிட்டுச் சொன்னால்தான் நியாயமாக இருக்கும். அக்கா வீட்டில் இருப்பதும் ஓலெட்தான், டிவி. என்னுடையதைவிட ஒன்றரை வருடம் மூத்தது. போன மாதம் அங்கே போயிருந்தபோது அதே சாம்பல் படத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை. படம், பாட்டு, பிள்ளைகளின் கார்ட்டூன், கிரிக்கெட் என்று எதுவும் ஒரே இடத்தில் நிற்காமல் ஓடுகிற வீடு அது. 2018-இல் ஆர்டிங்ஸ் என்ற மதிப்புரைத் தளம் ஆறு ஓலெட் டிவிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. சிஎன்என் செய்தி ஓடியவற்றில் தடம் விழுந்தது, அதிலும் பிரைட்னஸை உச்சத்தில் வைத்திருந்ததில் கூடுதல். சேனல் லோகோவும் செய்திப் பட்டையும் அசையாமல் நின்றால் அப்படித்தான். என் வெள்ளைப் பக்கங்கள் அந்த லோகோவைவிடப் பெரிய பிடிவாதக்காரர்கள்.

அலுவலகத்தில் இருக்கும் என் பழைய எல்சிடியிலும் ஒருமுறை பேய் நிழல் வந்தது. அட்டவணையைத் திறந்துவைத்துவிட்டு நீண்ட கூட்டத்துக்குப் போய்வந்தேன். அட்டவணையை மூடிய பிறகும் கட்டங்கள் மங்கலாக நின்றன. அரைமணி நேரம் அசையும் படம் ஓட்டியதும் போய்விட்டது. எல்சிடியில் பிக்சல் ஒளிர்வதில்லை, பின்னால் இருக்கும் விளக்கை விடுவதும் மறிப்பதும்தான் அதன் வேலை. ஒரே படம் நெடுநேரம் நின்றால் திரவப் படிகத்தில் மின்னேற்றம் கொஞ்சம் தேங்கிவிடும், பிறகு வடிந்துவிடும். பெரும்பாலும் அது பர்ன்-இன் இல்லை. நிழலைப் பார்த்துப் பதறி எல்சிடியை மாற்றுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பழைய குழாய்த் திரைகளிலும் பிளாஸ்மா டிவியிலும் பாஸ்பர் என்ற ஒளிர்பொருள் தேய்ந்தது, அந்தத் தடம் நிரந்தரம். ஸ்கிரீன் சேவர் பிறந்ததே அதற்காகத்தான். 1983-இல் ஜான் சோக்கா எழுதிய நிரல், மூன்று நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரையைக் கறுப்பாக்கியது. இன்று ஓலெட் வைத்திருப்பவருக்கு வேண்டியதும் அதே வெறும் கறுப்புதான். பளபளக்கும் அலங்கார ஸ்கிரீன் சேவரைப் போட்டால், ஓய்வெடுக்க வேண்டிய பிக்சலை அது இன்னும் எரிக்கிறது.

என் மானிட்டருக்கு மூன்று ஆண்டு வாரண்டி, பர்ன்-இன்னும் அதில் அடங்கும் என்று எழுத்தில் இருந்தது. வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் படித்தது என்னைக் காப்பாற்றியது. தொலைபேசியில் பேசியவர் முதலில், நீண்ட சீரமைப்பை (ஸ்டாண்ட்பையில் நடக்கும் அந்தத் திருத்த வேலையின் நீண்ட வடிவம்) நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள் என்றார். இரண்டு முறை ஓட்டினேன். டாஸ்க்பார் பட்டை கொஞ்சம் தணிந்தது, நடுக்கோடு அசையவில்லை. சாம்பல் திரையின் படம், பயன்படுத்திய மணிக்கணக்கு, ரசீது எல்லாம் அனுப்பினேன். 19 நாளில் பேனலை மாற்றித் தந்துவிட்டார்கள். பேசியவர் கடைசி வரை மரியாதையாகவே பேசினார். ஆனால் மாற்றிய பேனலுக்குப் புதிதாக வாரண்டி கிடையாது, பழைய தேதியே தொடரும். இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

யார் வாங்கலாம்? படத்துக்கும் விளையாட்டுக்கும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். என்னைப் போல ஒரே பக்க அமைப்பை ஏழெட்டு மணி நேரம் திறந்துவைத்து உழைப்பவர் என்றால், வேலைக்கு ஒரு நல்ல எல்சிடி வைத்துக்கொண்டு இதைப் படத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே திரைக்குத்தான் இடமிருக்கிறது என்றால், பர்ன்-இன்னுக்கு எழுத்தில் வாரண்டி தராத எதையும் தொடாதீர்கள்.

இடமில்லாததால் நானும் இந்த ஒரே திரையோடுதான் இருக்கிறேன். பிரைட்னஸ் 35-க்கு மேல் போவதில்லை. டாஸ்க்பார் தானாக மறைகிறது. எழுதும் பக்கம் இருண்ட பின்னணிக்கு மாறிவிட்டது. அந்தச் சுவிட்சை இப்போது நான் தொடுவதே இல்லை. திங்கட்கிழமை மூலநூல் இடப்பக்கம் என்றால் செவ்வாய்க்கிழமை வலப்பக்கம், நடுக்கோட்டை ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் நகர்த்திவைக்கிறேன். புதுப் பேனல் 410 மணி நேரம் ஓடியிருக்கிறது. நேற்று இரவு அதே படகுக் காட்சியைப் போட்டேன். மூடுபனி முழுசாக இருந்தது.