முன்கைகளுக்கு நடுவே ஒரு பந்து: மூன்று மாதம் பயன்படுத்திய அனுபவம்

ஏழு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். வலதுகை ஆட்டம். ஏழு வருடமும் ஸ்லைஸ்தான், நேராகக் கிளம்புகிற பந்து பாதி தூரத்தில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். கோச் போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திக் காட்டியபோதுதான் காரணம் புரிந்தது. பந்தை அடிக்கிற நொடியில் என் இடது முழங்கை மடங்கி இலக்கைப் பார்த்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிக்கன் விங் என்பார்களே, அதேதான். முழங்கை அப்படிப் போனால் கிளப்பின், அதாவது அடிக்கிற கோலின், முகம் திரும்பாமல் வலப்பக்கம் திறந்தபடியே பந்தைத் தொடும், அப்புறம் பந்து எப்படி நேராகப் போகும்?

அதைச் சரிசெய்யத்தான் இந்தக் காற்றடைத்த பந்தை வாங்கினேன், ஆயிரத்து இருநூறு ரூபாய். கழுத்தில் மாட்ட ஒரு நாடா, அதன் நுனியில் பந்து. இரண்டு முன்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கிளப்பை வீச வேண்டும். முழங்கைகள் விலகினால் பந்து நழுவி மார்பில் தொங்கும், அவ்வளவுதான் விஷயம்.

முதல் வாரம் ஒன்றுமே சரியாக வரவில்லை. காற்றை முழுக்க ஏற்றியிருந்தேன். கல் மாதிரி இருந்த பந்தை விழாமல் பிடிக்க முழங்கைகளை இறுக்கினேன், தோள் இரண்டும் காதுப்பக்கம் ஏறிக்கொண்டன, மணிக்கட்டு மடங்கவே இல்லை. பிறகு கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு அங்குலம் உள்ளே போகிற அளவுக்குக் காற்றை இறக்கினேன். அதோடு எல்லாம் மாறியது. இதைப் பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நான் செய்கிற பயிற்சி இது: பிட்சிங் வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான கிளப்), வீச்சு இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும், தூரம் நாற்பது கெஜம். பத்துப் பதினைந்து பந்து அடித்ததும் ஒன்று தெரியவரும்: மார்பு திரும்பிக்கொண்டே இருந்தால் கைகளுக்கு நடுவே உள்ள பந்து அசையாமல் இருக்கும், மார்பு நின்று கை மட்டும் ஓடினால் அந்தக் கணமே பிதுங்கிக்கொண்டு வந்துவிடும். எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று கைக்கே தெரிந்துவிடுகிறது. வீடியோகூட இவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

ஆனால் முழு ஸ்விங்குக்கு, அதாவது முழு வீச்சுக்கு, இது வேண்டாம். கிளப்பைப் பின்னால் தூக்குகிற பேக்ஸ்விங்கின் உச்சியில் வலது முழங்கை மடங்கத்தான் வேண்டும், அப்போது பந்து விழுவதுதான் சரி. அங்கேயும் பிடித்து வைக்கப் பார்த்தால் ஸ்விங் குறுகிப்போகும். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸின் வலது முழங்கை உச்சியில் உடம்பை விட்டு நன்றாகவே விலகியிருக்கும், அவர் 18 மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்கள் வென்றவர். ஆகவே உச்சியில் கை எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பந்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். கோல்ஃப் வீரர் விஜய் சிங் இடது அக்குளில் கையுறையை இடுக்கிக்கொண்டு பயிற்சி செய்வார், துண்டும் அதே வேலையைத்தான் செய்யும், செலவும் இல்லை. மேல்கை உடம்பை விட்டு விலகுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் துண்டே போதும். எனக்கு அக்குள் ஒட்டியபடியே இருக்க முழங்கை மட்டும் வெளியே போனது, அதைத் துண்டு காட்டிக்கொடுக்கவில்லை, பந்து காட்டியது.

போட்டி ஆடுகிறவர்கள் இதைப் பையிலேயே விட்டுவிடுங்கள். ரவுண்டுக்கு நடுவே பயிற்சிக் கருவியை மாட்டி ஸ்விங் செய்வது விதிமீறல். 2010இல் வீராங்கனை ஜூலி இங்க்ஸ்டர் அடுத்த டீயில் (முதல் அடி அடிக்கிற இடத்தில்) காத்திருந்த நேரத்தில் கிளப்பில் எடை வளையத்தை மாட்டி வீசிப் பார்த்ததற்காகவே தகுதி இழந்தார். 2019 விதிகளில் முதல் தடவைக்கு ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணுகிற ஆட்டத்தில்) இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, இரண்டாவது தடவை வெளியேற்றம்.

குறை என்றால் நாடாதான். சென்னை வெயிலில் அரை மணி நேரத்தில் வியர்வையில் நனைந்து கழுத்தை அறுக்கிறது, காலர் வைத்த சட்டை போட்டால் தாங்கலாம்.

இப்போது பயிற்சி ரேஞ்சில் முதல் இருபது பந்து இதோடு, அடுத்த பத்து இது இல்லாமல். போன ஞாயிற்றுக்கிழமை கோச் எடுத்த வீடியோவில், செவன் அயர்ன் கிளப்பால் அடித்து முடிக்கும்போது என் இடது முழங்கை தரையைப் பார்த்திருந்தது.