தனிச் சேனலா, பேக்கா: எந்த வீட்டுக்கு எது கட்டுப்படியாகும்?

கேபிளுக்கு மாசம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று திருநெல்வேலிப் பக்கம் யாரைக் கேட்டாலும் தொகையைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதில் எந்தச் சேனலுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் பதில் வராது. 2019 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை உண்டு. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கலாம், அல்லது சேனல் கம்பெனி சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் பேக்கை வாங்கலாம். டிவி, தொலைபேசிக் கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ட்ராயின் விதி இரண்டு வழியையும் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் விலை நம்மைப் பேக் பக்கமே தள்ளுகிறது, அதுவும் தெரிந்தே தள்ளுகிறது என்பது என் கருத்து.

முதலில் இரண்டுக்கும் பொதுவான செலவு. எந்தச் சேனலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இணைப்புக்கென்று ஓர் அடிப்படைக் கட்டணம் உண்டு. 2019இல் 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய் என்று ட்ராய் வைத்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அடுத்த ஆண்டு அதே 130க்கு 200 சேனல் தர வேண்டும் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆகவே தனியாக எடுத்தால் பில் பாதியாகிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். மிச்சம் பிடிக்க முடிவது அடிப்படைக்கு மேலே வரும் தொகையில் மட்டும்தான்.

அந்த மேல் தொகையில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு நான்கு சேனல் என்று வைத்துக்கொள்வோம். தனி விலை 19, 19, 8, 6. மொத்தம் 52 ரூபாய். பேக்காகக் கொடுத்தால் 45 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம் என்பது 2022 நவம்பரில் வந்த விதி. முழுத் தள்ளுபடியும் கொடுத்தால் பேக் 28 ரூபாய் 60 காசு. முதல் இரண்டு சேனல் மட்டும் போதும் என்பவர் கொடுப்பது 38. குறைவாகக் கேட்டவர் கூடுதலாகக் கொடுக்கிறார்! "அண்ணாச்சி, எனக்கு ரெண்டு சேனல் மட்டும் போதும்" என்று கேட்கும் அக்காவிடம், "அதுக்குப் பேக்கே போட்டுக்கிடுங்க, ரேட்டு கம்மி" என்று கேபிள்கார அண்ணாச்சி சொன்னால் அவர் ஏமாற்றவில்லை. விலையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இது எப்படி வந்தது? 2017இல் ட்ராய் கொண்டுவந்த ஆணையில் பேக் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்த ஒரு விதி அடிபட்டுப் போனது. மற்றவை உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்தன. ஒரு சேனலைப் பேக்கில் சேர்க்க வேண்டுமானால் அதன் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்ற விதியும் அதில் உண்டு. 2019இல் சன் டிவி 19, கேடிவி 19. உச்சவரம்பு எதுவோ அதுவே விலையாகிவிட்டது. 2020 ஜனவரியில் அந்த 19ஐ 12 ஆக்கினார்கள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, 2022இல் மறுபடியும் 19.

பேக்குக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மடியில் சுளகு, கை இலையில், காது டிவியில். காலையில் பாட்டு, மத்தியானம் பழைய படம், சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு கார்ட்டூன், அப்புறம் ராத்திரி வரை சீரியல். பெட்டி அணைவதே கிடையாது, பார்ப்பவர்களும் மூன்று தலைமுறை. இந்த வீட்டில் சேனலை எண்ணி எடுக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒன்று என்றாலும் பேக்தான் மலிவு. சின்னச் சேனல்களுக்கும் பேக் ஒரு பிடிமானம். சேர்ந்து வருவதால் பல வீட்டுக்குப் போகிறது, அதனால் விளம்பரம் கிடைக்கிறது. தனியாக விட்டால் காசு கொடுத்துக் கேட்பவர் குறைவு, பாதி மூடிவிடும். கனடாவில் 2016 டிசம்பருக்குள் ஒவ்வொரு சேனலையும் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டபோதும் இதே கவலை எழுந்தது.

ஆனால் பாளையங்கோட்டையில் பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் வயதான தம்பதிக்குப் பேக் எதற்கு? நியூஸுக்குப் புதிய தலைமுறை, தந்தி, பாலிமர். பாட்டுக்கு இசையருவி, சிரிக்கச் சிரிப்பொலி, படத்துக்குக் கலைஞர். டிடி தமிழும் உண்டு. எல்லாம் இலவசச் சேனல்கள், அடிப்படைக் கட்டணத்திலேயே வந்துவிடும். சீரியலுக்கு ஒரே ஒரு சேனலைத் தனியாக எடுத்தால் 19ம் ஜிஎஸ்டியும், அதாவது 22 ரூபாய் 42 காசு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நேரலையில் காட்டும் உள்ளூர் சேனலுக்குப் பேக்கும் வேண்டாம், தனிவிலையும் வேண்டாம். அது கேபிள்காரரின் கம்பியோடு வருவது.

செங்கோட்டைப் பக்கம் போனால் கணக்கு இன்னொரு விதம். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று பார்க்கும் வீடுகள் அங்கே சகஜம். பேக்குகள் பெரும்பாலும் கம்பெனிவாரியாக, மொழிவாரியாகக் கட்டப்பட்டவை. இரண்டு மொழிக்கு இரண்டு பேக் எடுத்தால் பார்க்காத சேனலுக்குத்தான் பாதிப் பணம் போகும். இவர்களுக்குத் தனிச் சேனலே சரி. ஒரே கம்பெனியில் மூன்று நான்கு பார்ப்பவருக்குப் பேக், பல கம்பெனியில் ஒவ்வொன்று பார்ப்பவருக்குத் தனி. இரண்டையும் கலந்தும் எடுக்கலாம், விதியில் அதற்குத் தடை இல்லை. அடுத்த ரீசார்ஜுக்கு முன்னால், வீட்டில் ஒரு வாரம் உண்மையில் எந்தெந்தச் சேனல் ஓடுகிறது என்று ஒரு தாளில் குறித்துவிட்டு அண்ணாச்சியிடம் போனால் பேச்சு சுலபமாக முடியும்.

விதியைப் பொறுத்தவரை, தள்ளுபடியை 15 சதவீதத்துக்கு இறக்கினால் மட்டும் போதாது. மேலே சொன்ன நான்கு சேனல் பேக் 44 ரூபாய் 20 காசுக்கு ஏறிவிடும், பீடி சுற்றும் வீட்டுக்குத்தான் அடி. கூடவே 19 என்ற வரம்பையும் 12க்கு இறக்க வேண்டும். அப்போது தனி விலை 12, 12, 8, 6, மொத்தம் 38. பேக் 32 ரூபாய் 30 காசு. இரண்டு மட்டும் போதும் என்பவருக்கு 24. பேக் எடுக்கும் வீட்டுக்கு இன்றைய மிகக் குறைந்த விலையைவிடக் கிட்டத்தட்ட நாலு ரூபாய் கூடும், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நாலு ரூபாயைப் பேக் எடுக்கும் வீட்டிடம் வாங்குவதா, கம்பெனிகளின் பங்கிலிருந்து குறைப்பதா என்பதைத்தான் ட்ராய் அடுத்த முறை விலை விதியைத் திறக்கும்போது பேச வேண்டும்.